தாய் சி வகுப்பு தொடங்கணும், யார் சொல்லித்தருவது? நான்கு வழிகளும் அவற்றின் மறைமுகச் செலவுகளும்

"பதினைந்து பேர் தயாராக இருக்கிறோம், இடமும் கிடைத்துவிடும், யார் சொல்லித்தருவது என்பதில்தான் இழுபறி." அக்கம்பக்கத்தாருக்காகத் தாய் சி (மெதுவான, தொடர்ச்சியான அசைவுகளாலான சீனத் தற்காப்புக் கலை, இன்று உடற்பயிற்சியாகவும் பழகுகிறார்கள்) வகுப்பு தொடங்க நினைப்பவர்கள் பேச்சை எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறார்கள். ஒருவர் அனுபவமுள்ள ஆசிரியரைக் கட்டணம் கொடுத்து வரவழைக்கலாம் என்பார். இன்னொருவர் நம்மில் ஒருத்தரையே பயிற்சிக்கு அனுப்பலாம் என்பார். மூன்றாமவர், யூடியூபில் இல்லாததா, பெரிய திரையில் போட்டுச் சேர்ந்து செய்வோம் என்பார். நான்காவது வழி ஒன்றும் உண்டு, அது பேச்சில் கடைசியாகத்தான் வரும்: ஏற்கெனவே இயங்கும் ஓர் அமைப்போடு சேர்ந்துகொள்வது.

நான்கையும் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அவற்றில் இரண்டு குழுக்கள் பாதியிலேயே கலைந்துபோயின. இத்தனைக்கும் அந்த இரண்டிலும் சொல்லித்தந்தவர்கள் நல்லவர்கள், வந்தவர்களுக்கு ஆர்வமும் இருந்தது. ஒன்றில் வகுப்பின் பாரம் முழுக்க ஒரே ஆள் தலையில் இருந்தது, அந்த ஆளுக்கு முடியாமல் போனதும் வகுப்பும் நின்றுபோனது; இன்னொன்றில் ஆள் குறையக் குறைய மிஞ்சியவர்களால் கட்டணத்தைச் சுமக்க முடியவில்லை, அவ்வளவுதான். அதனால் யார் என்னிடம் கேட்டாலும் ஆசிரியரின் திறமையையும் கட்டணத்தையும் பேசுவதற்கு முன்னால் ஒன்று கேட்கச் சொல்வேன்: ஆறாவது மாதத்திலும் இந்த ஹாலின் கதவு திறந்திருக்குமா?

## முதலில், எதை வைத்து அளப்பது

ஆறு மாதம் தாங்குமா. இதை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. தாய் சி பற்றி வந்த நல்ல ஆய்வுகளை எடுத்துப் பார்த்தால் ஒரே கணக்கு திரும்பத் திரும்ப வருகிறது. 2012-ல் பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரை வைத்துச் செய்த அமெரிக்க ஆய்வில் வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம், 24 வாரம். 2018-ல் விழும் அபாயம் அதிகமுள்ள, 70 வயது தாண்டிய 670 பேரை வைத்துச் செய்த ஆய்விலும் அதே வாரம் இரண்டு, அதே 24 வாரம். அதில் தாய் சி செய்தவர்கள் வெறும் நீட்சிப் பயிற்சி செய்தவர்களைவிட 58 சதவீதம் குறைவாக விழுந்தார்கள், பலவகைப் பயிற்சிகளைக் கலந்து செய்தவர்களைவிட 31 சதவீதம் குறைவாக விழுந்தார்கள். 2016-ல் முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ள 204 பேரிடம் பார்த்தபோது, வாரம் இரண்டு முறை 12 வாரம் செய்த தாய் சி, பிசியோதெரபிக்குச் சமமான பலன் தந்தது. பலன் தெரிந்த இந்த ஆய்வுகள் எல்லாமே மாதக்கணக்கில் நடந்தவை. ஆரம்ப சூரத்தனமாக நாலு வாரம் நடந்து நிற்கிற வகுப்பால் இதில் பாதிகூடக் கிடைக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

முழங்காலைப் பார்க்க ஒரு ஜோடிக் கண் இருக்குமா. தாய் சி மென்மையாகத் தெரிவதால் அடிபட வாய்ப்பே இல்லை என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் இதில் உடல் எடை முழுக்க ஒரு காலுக்கும் அப்புறம் இன்னொரு காலுக்கும் மாறிக்கொண்டே இருக்கிறது. எடை தாங்கி நிற்கும் காலின் பாதத்தை அப்படியே திருப்பினால் அந்த முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்கும். எடையைப் பின்காலுக்கு எடுத்துக்கொண்டு, காலியான பாதத்தைத் திருப்பி, அப்புறம் எடையைக் கொண்டுவர வேண்டும். முழங்கால் உள்பக்கம் சரியாமல் கால்விரல்கள் பார்க்கும் திசையிலேயே நிற்கவேண்டும். செய்கிறவருக்கு இது தெரியவே தெரியாது, அவர் கையைத்தான் கவனித்துக்கொண்டிருப்பார். வெளியிலிருந்து ஒருவர் பார்த்துச் சொன்னால்தான் உண்டு.

யாருக்காக இந்த வகுப்பு. விழுந்துவிடுவோமோ என்று பயப்படும் பெரியவர்கள், வேலை முடிந்து தோளும் கழுத்தும் இறுகி வருபவர்கள், தற்காப்புக் கலையாகக் கற்க விரும்பும் இளைஞர்கள் ஆகிய மூவருக்கும் வேண்டியது ஒன்றில்லை. எல்லாரையும் ஒரே வகுப்பில் போட்டால் முதலில் கழன்றுகொள்பவர்கள் பெரியவர்கள்தான், அவர்களுக்குத்தான் இது அதிகம் தேவை.

மொத்தச் செலவு. கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். இருபது பேர் பெயர் கொடுத்து, பத்துப் பேர் வழக்கமாக வந்தால் ஆளுக்கு விழும் பங்கு இரண்டு மடங்கு. இதோடு இடவாடகை, காப்பீடு, ஆசிரியர் வராத நாளுக்கு மாற்று ஏற்பாடு எல்லாம் சேரும்.

ஒருவர் விலகினால் என்ன ஆகும். இது முதல் அளவுகோலின் மறுபக்கம். சாவி யாரிடம், வருகைக் கணக்கு யாரிடம், வாட்ஸ்அப்பில் "இன்று உண்டா?" என்ற கேள்விக்குப் பதில் போடுபவர் யார்? மூன்றுக்கும் ஒரே பெயர் வந்தால் யோசியுங்கள்.

## வழி 1: அனுபவமுள்ள ஆசிரியரை வரவழைப்பது

நல்ல ஆசிரியர் கிடைத்தால் இதற்கு ஈடு வேறில்லை. ஒரு சின்னக் காட்சி சொல்கிறேன். 'மேகக் கைகள்' என்று ஓர் அசைவு, இரண்டு கைகளும் முகத்துக்கு முன்னால் மாறி மாறி மிதந்து போகும். எங்கள் குழுவில் ஓர் அம்மா அதைத் தோளை ஏற்றிக்கொண்டு, கையைத் துடுப்பு மாதிரி வீசிச் செய்துகொண்டிருந்தார், ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் கழுத்து வலிக்கிறது என்பார். ஆசிரியர் அவர் பக்கத்தில் போய், "கையை மறந்துடுங்க, தொங்கட்டும், இடுப்பை மட்டும் திருப்புங்க" என்றார். அந்த அம்மா கையைத் தொங்கவிட்டு இடுப்பை மெல்லத் திருப்பினார், கை தானாக ஆடியது. "இப்ப அந்த ஆட்டத்தோடயே கையைத் தூக்குங்க." இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, தோள் இறங்கிவிட்டது, அசைவும் மாறிவிட்டது. எந்த வீடியோவும் அவரைப் பார்த்து இதைச் சொல்லியிருக்க முடியாது.

சரி, மறைமுகச் செலவுகளுக்கு வருவோம்.

முதலாவது, ஆசிரியர் எந்தப் பாணியில் வந்தாரோ அதற்குள் உங்கள் குழுவும் போய்விடும். சென் பாணியில் ஆழமாக உட்கார்ந்த நிலைகளும், மெதுவான அசைவுக்கு நடுவே திடீரென்று வெடிக்கும் விசையும், தரையை மிதிப்பதும் உண்டு. அழகான பாணி, ஆனால் மூட்டுவலிக்காரர்களுக்கு அதை அப்படியே கொடுக்க முடியாது. யாங் பாணி அகலமாக, ஒரே சீரான வேகத்தில் போகும், உலகத்தில் அதிகம் பேர் பழகுவது அதுதான். சுன் பாணியில் நிமிர்ந்த நிலை, சின்ன அடிகள், ஒரு கால் போனதும் மற்றது பின்னாலேயே வந்து சேர்ந்துகொள்ளும், பெரியவர்களுக்கு இது எளிது. யாங் பாணிக்குள்ளும் ஆசிரியர் எதைச் சொல்லித்தரப் போகிறார் என்று கேளுங்கள். 1956-ல் சீன அரசின் விளையாட்டுத் துறை சுருக்கித் தொகுத்த 24 அசைவுத் தொகுப்பை முழுதாகச் செய்ய ஐந்தாறு நிமிடம் போதும். நூற்றுக்கு மேல் எண்ணப்படும் நீண்ட தொகுப்புக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும், அதைக் கற்றுமுடிக்க ஒரு வருடமும் போகலாம். புதிதாகச் சேரும் குழுவுக்கு நீண்ட தொகுப்பை நான் சிபாரிசு செய்யமாட்டேன். பாதியில் விட்டவர்கள் கையில் ஒன்றும் மிஞ்சாது.

இரண்டாவது, நடுவில் வந்து சேர்பவர்கள். தாய் சி தொகுப்பு ஒரு நீண்ட வாக்கியம் மாதிரி, ஒன்பதாவது வாரம் வந்தவருக்கு அது நடுவிலிருந்து கேட்கும். அந்த ஒருவருக்காக ஆசிரியர் முதலிலிருந்து ஆரம்பித்தால் மற்றவர்கள் சலித்துப்போவார்கள், ஆரம்பிக்காவிட்டால் புதியவர் அடுத்த வாரம் வரமாட்டார். பத்துப் பன்னிரண்டு வாரத் தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதித் தொடக்கத்திலும் மட்டும் ஆள் சேர்ப்பதுதான் நான் பார்த்ததில் வேலை செய்தது.

மூன்றாவது, எத்தனை பேர் வந்தாலும் ஆசிரியர் கட்டணம் மாறாது. கூட்டம் குறையும் மாதத்தில் மீதியிருப்பவர்கள் அதைச் சுமக்கவேண்டும், சுமை கூடக்கூட இன்னும் இரண்டு பேர் விலகுவார்கள். கலைந்துபோன குழுக்களில் ஒன்று இப்படித்தான் கலைந்தது. மாதாமாதம் வசூலிக்காமல் ஒரு தொகுதிக்கு உரிய பணத்தை முன்கூட்டியே வாங்கியிருந்தால் தப்பித்திருப்போம் என்று பின்னாடி எல்லாருக்கும் தோன்றியது.

இன்னொன்று: தாய் சி ஆசிரியருக்கு உலகம் முழுக்கச் செல்லும் ஒரே உரிமம் என்று எதுவும் கிடையாது. சுவரில் எத்தனை சான்றிதழ் மாட்டியிருக்கிறது என்பது பெரிதாக எதையும் சொல்லாது. பதக்கங்கள் வாங்கிய ஆசிரியருக்கு, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் எழுபது வயதுக்காரரை என்ன செய்வது என்று தெரியாமல் போகலாம். அதைத் தனியாக விசாரியுங்கள்.

இது யாருக்குச் சரி: குறைந்தது பன்னிரண்டு பேராவது தொகுதிப் பணத்தை முன்னாடியே கட்டத் தயார், எளிதில் வந்துபோகும் தூரத்தில் ஆசிரியர் இருக்கிறார், கற்பவர்களுக்கு ஆழமாகக் கற்கும் ஆசை இருக்கிறது என்றால்.

## வழி 2: நம்மில் ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்புவது

தாய் சி பரவிய வரலாற்றிலேயே இந்த வழி இருக்கிறது. சீனாவின் சென் கிராமத்துக்குள் சென் குடும்பத்தார் பழகிவந்த கலையை, வெளியூர்க்காரரான யாங் லூச்சான் 19-ஆம் நூற்றாண்டில் அங்கே போய்க் கற்று, அப்புறம் பெய்ஜிங்கில் சொல்லித்தந்தார். யாங் பாணி அவரிடமிருந்துதான் கிளைத்தது. ஆனால் அவர் வருடக்கணக்கில் கற்றார், இங்கே நாம் பேசுவது அவ்வளவு காலம் இல்லாதவர்களைப் பற்றி.

அப்படிப்பட்டவர்களுக்காகவே வடிவமைத்த திட்டங்கள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் குடும்ப மருத்துவராக இருந்த பால் லாம் 1997-ல் மற்ற நிபுணர்களோடு சேர்ந்து, மூட்டுவாதக்காரர்களுக்காகச் சுன் பாணியை அடிப்படையாக வைத்து ஒரு தொகுப்பை உருவாக்கினார். அதைச் சொல்லித்தர விரும்புபவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி முகாம், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தல் என்று ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். மேலே சொன்ன 2012, 2018 ஆய்வுகளைச் செய்த ஆய்வாளர் ஃபுஜோங் லி, சமநிலைக்காக யாங் பாணியின் 24-லிருந்து எட்டு அசைவுகளைத் தேர்ந்து உருவாக்கிய திட்டத்துக்கும் ஆசிரியர் பயிற்சி உண்டு.

இரண்டு நாள் என்றதும் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அங்கே போனால் இரண்டே நாளில் தாய் சி வந்துவிடும் என்று அர்த்தமில்லை. அசைவுகளை முன்கூட்டியே பழகிக்கொண்டு போகவேண்டும், எப்படிப் பாதுகாப்பாகச் சொல்லித்தருவது என்பதைத்தான் அங்கே கற்பது. திரும்பி வந்து வகுப்பெடுக்கும் தைரியம் வர இன்னும் சில மாதம் தனியாகப் பழகவேண்டும். ஆக, இன்று முடிவெடுத்தால் முதல் வகுப்புக்கு நாலைந்து மாதம் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காத்திருப்பில் குழுவின் சூடு ஆறிப்போவதும் ஒரு செலவுதான்.

எதிர்பாராத சிரமம் ஒன்று. வகுப்பைப் பார்த்து நின்று சொல்லித்தரும்போது கண்ணாடி பிம்பம் போலச் செய்யவேண்டும், அவர்கள் இடதுகாலை எடுக்க நீங்கள் வலதுகாலை எடுக்கணும், வாய் மட்டும் "இடது" என்று சொல்லணும். பயிற்சிக்குப் போய்வந்த ஒருவர் தினமும் வீட்டில் காலி நாற்காலிகளை வரிசையாகப் போட்டு அவற்றுக்கு முன்னால் நின்று பழகுவதைப் பார்த்தேன். நாற்காலிகளுக்கு வகுப்பெடுத்து இரண்டு மாதம் கழித்துத்தான் மனிதர்களுக்கு எடுத்தார். அந்த வகுப்புதான் இன்றும் நடக்கிறது.

பணம் தாண்டிய செலவுகள் இன்னும் உண்டு. நேற்றுவரை கூட நின்று பழகியவர் இன்று "உங்க முழங்கால் உள்ளே போகுது" என்று சொன்னால் சிலருக்குச் சுருக்கென்று இருக்கும். அதை எதிர்பார்த்து அவரும் திருத்தாமலே விடுவார், அது இன்னும் மோசம். அப்புறம் அவர் இலவசமாகச் செய்வார் என்று எல்லாரும் எடுத்துக்கொள்வது. முதல் மூன்று மாதம் மகிழ்ச்சியாகச் செய்வார், ஆறாவது மாதம் குடும்ப வேலை வரும், உடம்பு முடியாது, "இன்று வகுப்பு இல்லை" என்று போடக் கூச்சப்பட்டு இழுத்துக்கொண்டே போவார், ஒரு நாள் மொத்தமாக விட்டுவிடுவார். கலைந்த இன்னொரு குழுவின் கதை இதுதான், அவர்மேல் தப்பே சொல்ல முடியாது.

அதனால் இந்த வழியில் போனால் ஒருவரை அனுப்பாதீர்கள், இரண்டு பேரை அனுப்புங்கள். பயிற்சிச் செலவு இரட்டிப்பாகும், ஆனாலும் இதைவிட நல்ல செலவு இந்தக் கட்டுரையில் வேறெதுவும் இல்லை. வாரம் இரண்டு வகுப்பை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்ளலாம், ஒருவர் முன்னால் நிற்க மற்றவர் பின்வரிசையில் முழங்கால்களைப் பார்க்கலாம். சின்னத் தொகையாவது அவர்களுக்குக் கொடுங்கள்.

இது யாருக்குச் சரி: வருபவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள் அல்லது மூட்டுவலி உள்ளவர்கள், நீண்டகாலம் நடக்கணும், காத்திருக்கப் பொறுமை இருக்கிறது என்றால். ஒரு வருடம் கழித்து "அடுத்து என்ன?" என்று கேட்பவர்கள் வருவார்கள், அவர்களுக்குக் கொடுக்க இந்தப் பயிற்சியாளரிடம் அதிகம் இருக்காது. அதை முன்னாடியே தெரிந்துகொள்வது நல்லது.

## வழி 3: திரையைப் பார்த்துச் செய்வது

செலவு குறைவு, நாளைக்கே தொடங்கலாம், ஆசிரியருக்கு உடம்பு முடியாமல் போகாது. இதனால்தான் பல குழுக்கள் முதலில் இங்கே வருகின்றன. நேரலை வகுப்பாக இருந்தால் கேள்விகூடக் கேட்கலாம்.

பிரச்சினை தாய் சியின் இயல்பிலேயே இருக்கிறது: அது நகர்கிறது, திரும்புகிறது. 24 அசைவுத் தொகுப்பு பெரும்பாலும் இடமும் வலமுமாகப் போகும், உடம்பு பக்கவாட்டில் இருக்க, திரையைப் பார்க்கக் கழுத்தை மட்டும் முறுக்கிக்கொண்டே செய்வீர்கள். நீண்ட யாங் தொகுப்பில் 'தறிநாடா ஓட்டும் பெண்' என்ற அசைவு நான்கு மூலைகளையும் பார்த்து வரும், அதில் இரண்டு முறை திரை உங்கள் முதுகுக்குப் பின்னால். நாங்கள் ஒருமுறை அதில் முயன்று, மூன்றாவது மூலைக்குப் போகும்போது முன்வரிசை ஒருபக்கம் பின்வரிசை மறுபக்கம் திரும்பி, ஒருவரை ஒருவர் பார்த்து நின்றுவிட்டோம். திரையில் அந்த ஆசிரியர் அமைதியாக மேலே போய்க்கொண்டிருந்தார்.

நேரலையில் வேறு தொல்லை. கேமராவில் எல்லாரும் தெரியும் அளவுக்குப் பின்னால் போனால் ஆசிரியருக்கு நீங்கள் கட்டைவிரல் அளவு, கிட்ட வந்தால் இடுப்புக்குக் கீழே தெரியாது. முழங்கால் பார்க்க ஒரு ஜோடிக் கண் வேண்டும் என்ற அளவுகோலில் இந்த வழி பெரும்பாலும் தோற்கிறது. சமநிலை குறைந்தவர்கள் இருக்கும் குழுவுக்கு ஆசிரியரே இல்லாமல் இதைச் செய்வதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

தெரியாமல் வரும் செலவு: வீட்டில் தனியாகப் பார்க்க வாங்கிய வீடியோவைப் பொதுவிடத்தில் குழுவுக்குப் போடப் பெரும்பாலும் அனுமதி இருக்காது. பின்னணி இசைக்கும் அதே கதை, பல நாடுகளில் பொது வகுப்பில் இசை ஒலிக்கத் தனி உரிமம் வேண்டும். வெளியிட்டவரிடம் ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுங்கள், இசையில்லாமலும் தாய் சி நன்றாகவே இருக்கும்.

ஆனால் திரை மிக நன்றாகப் பொருந்தும் ஒன்று இருக்கிறது: பாதுவான்ஜின், எட்டுத் துண்டுப் பட்டு என்று பொருள். தாய் சியின் உறவுக்காரப் பயிற்சியான சிகோங்கை (மூச்சோடு சேர்த்துச் செய்யும் மெதுவான சீனப் பயிற்சி) சேர்ந்தது. மொத்தம் எட்டு அசைவுகள், கால்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும், உடம்பு பெரும்பாலும் முன்னாலேயே பார்க்கும், ஒன்று மறந்தால் அடுத்ததைச் செய்யலாம், நடுவில் வந்தவரும் அன்றே சேர்ந்துகொள்ளலாம். நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் தாய் சிக்கும் இதே வசதி. திரைதான் ஒரே வழி என்றால் இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், தொகுப்புகளைத் தொடாதீர்கள்.

இது யாருக்குச் சரி: எட்டும் தூரத்தில் ஆசிரியரே இல்லாதவர்களுக்கு, ஏற்கெனவே கற்றவர்கள் வகுப்புகளுக்கு இடைப்பட்ட நாளில் மறக்காமல் பழகுவதற்கு, மக்களுக்கு உண்மையிலேயே ஆர்வம் இருக்கிறதா என்று நாலு வாரம் சோதித்துப் பார்ப்பதற்கு.

## வழி 4: ஏற்கெனவே இருக்கும் அமைப்போடு சேர்வது

நூலகம், விளையாட்டு மன்றம், முதியோர் மையம், மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவு மாதிரி ஏதோ ஒன்று. இடம், காப்பீடு, பதிவு, அவசர உதவி எல்லாம் அவர்களிடமே இருக்கும். நீங்கள் ஆட்களையும் ஆசிரியரையும் கொண்டுபோனால் போதும்.

பதிலுக்கு அவர்கள் நேரம், அவர்கள் விதி. வேலை முடிந்து வருபவர்களுக்கு ஒத்துவராத பகல் நேரம்தான் கிடைக்கலாம். ஒப்புதல் வர மாதங்கள் ஆகலாம். உங்களுக்கு ஆதரவாக இருந்த அதிகாரி மாறிப்போனால் அடுத்தவருக்கு முதலிலிருந்து விளக்கணும். வாய்ப்பேச்சாக இல்லாமல் இத்தனை மாதத்துக்கு இந்த நாள், இந்த நேரம் என்று எழுதி வாங்கிக்கொண்டால் பாதிக் கவலை தீரும். பெரியவர்களுக்கான வகுப்பு என்றால் முதலில் இந்தக் கதவைத் தட்டிப் பாருங்கள்.

## ஒரே பார்வையில்

| | ஆசிரியர் | நம் ஆள் | திரை | அமைப்பு |
|---|---|---|---|---|
| தொடங்க ஆகும் காலம் | சில வாரம் | நாலைந்து மாதம் | உடனே | ஒப்புதலைப் பொறுத்தது |
| ஆறு மாதம் தாங்குமா | ஆள் எண்ணிக்கை குறையாதவரை | இரண்டு பேர் இருந்தால் | கடினம் | பெரும்பாலும் தாங்கும் |
| திருத்தும் கண் | மிக நன்று | நன்று, எல்லைக்குள் | இல்லை அல்லது குறைவு | ஆசிரியரைப் பொறுத்தது |
| பெரிய மறைமுகச் செலவு | காலி இடங்களின் பாரம் | அந்த ஒருவரின் களைப்பு | முழங்கால், உரிமம் | நேரம், விதிகள் |
| புதியவர் சேர்வது | தொகுதித் தொடக்கத்தில் | எளிது | பாதுவான்ஜின் என்றால் எளிது | அமைப்பின் பதிவுக் காலத்தில் |

## நான் தேர்ந்தெடுக்கச் சொன்னால்

கலந்து செய்யுங்கள், ஆனால் வரிசையோடு. முதல் பன்னிரண்டு வாரம் ஆசிரியரை வாரத்துக்கு ஒருமுறை வரவழையுங்கள். வாரத்தின் இன்னொரு நாள் அவர் இல்லாமல், கற்றதை மட்டும் சேர்ந்து பழகுங்கள், புதிதாக எதுவும் வேண்டாம். அந்த இரண்டாம் நாளை நடத்த இரண்டு பேரை முதல் வாரமே தேர்ந்துவிடுங்கள். அவர்கள்தான் பின்னால் பயிற்சி முகாமுக்குப் போகப்போகிறவர்கள், போகும்போது அசைவுகள் ஏற்கெனவே உடம்பில் இருக்கும். ஆறாவது மாதம் வாக்கில் வாராந்திர வகுப்பு இவர்கள் கைக்கு வரும், ஆசிரியர் மாதம் ஒருமுறை வந்து திருத்திவிட்டுப் போவார். முழுக் கட்டணச் சுமை முதல் சில மாதத்துக்குத்தான், கற்ற கண் குழுவுக்குள்ளேயே தங்கும்.

இதற்கு ஆசிரியர் சம்மதிக்கவேண்டும், அதை முதல் பேச்சிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சிலர் தன் மாணவர் இவ்வளவு சீக்கிரம் சொல்லித்தருவதை விரும்பமாட்டார்கள், அதில் நியாயமும் உண்டு. சிலர் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளாதவரோடு மனக்கசப்பு வருவதற்கு முன்னால் தெரிந்துவிடும்.

எந்த வழியானாலும் சில விஷயங்கள் மாறாது. தரை வழுக்கவும் கூடாது, பாதத்தைப் பிடிக்கவும் கூடாது. தடித்த பாயிலும் பிடிப்பு அதிகமான ஷூவிலும் பாதம் திரும்பாமல் முழங்கால் திரும்பும். புல்வெளி பார்க்க அழகு, மேடுபள்ளம் பெரியவர்களுக்கு ஆகாது. சக்கரமில்லாத நாற்காலி ஆளுக்கொன்று பக்கத்தில் இருக்கட்டும், பிடித்துக்கொள்ளவும் உட்காரவும். கடந்த ஒரு வருடத்தில் விழுந்தவர்கள், தலைசுற்றல் உள்ளவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். அவசரத்துக்கு யாரை அழைக்கணும் என்ற எண்ணை எல்லாரிடமும் முதல் நாளே வாங்கிவிடுங்கள். காப்பீடு வகுப்பெடுப்பவரையும் இடத்தையும் சேர்த்துக் காக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

ஆசிரியரை முடிவு செய்வதற்கு முன் ஒரு மாதிரி வகுப்பு வையுங்கள், அதில் நீங்கள் செய்யாமல் ஓரமாக நின்று பாருங்கள். அவர் எவ்வளவு அழகாகச் செய்கிறார் என்பதைப் பார்க்க வேண்டாம், அது இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும். 'பொற்சேவல் ஒற்றைக்காலில் நிற்பது' என்ற அசைவு வரும்போது பின்வரிசையைக் கவனியுங்கள். யாராவது ஒருவர் காலைத் தூக்கமுடியாமல் நின்றுவிடுவார். ஆசிரியர் அதைப் பார்க்கிறாரா, பார்த்தவர் அந்த ஒருவருக்காகக் குதிகாலை மட்டும் லேசாக உயர்த்தி, கால்விரல் நுனி தரையைத் தொட்டபடியே செய்யலாம் என்று காட்டுகிறாரா, காட்டும்போது மற்றவர்கள் எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்க்காதபடி பார்த்துக்கொள்கிறாரா? அப்படிப்பட்டவர் கிடைத்தால் அன்றைக்கே தேதி குறித்துவிடுங்கள்.